‘சூப்பர்’ சொல்வதற்கு முன் படிக்க வேண்டிய கையேடு

இரவு பத்தே முக்கால் மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழுந்தது. அனுப்பியவன் அக்கா மகன்; சிதம்பரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். கூடவே ஒரு வரி: “நானே செஞ்ச கேம். எல்லாரும் விளையாடிப் பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்க.”

பத்தாவது நொடியில் பெரியப்பாவின் கட்டைவிரல் உயர்ந்தது. நெய்வேலிச் சித்தி இரண்டு கைத்தட்டல். திருப்பாதிரிப்புலியூர் அத்தை ‘வாழ்க வளமுடன்’ என்று எழுதிய ரோஜாப்பூ. ஒரு நிமிடம் முடிவதற்குள் பதினான்கு பாராட்டு சேர்ந்துவிட்டது. நானும் லிங்கைத் தொட்டேன். அந்த விளையாட்டு திறப்பதற்கே மூன்று நிமிடம் ஆனது.

கருத்துச் சொல்லும் கலையில் நம் சனம் எங்கேயோ போய்விட்டது. பொருள் வந்து சேருமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்த வேகம் இன்னும் கைவராத என்னைப் போன்ற மந்தக்காரர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. வீட்டுக்கு வீடு இதற்குத் தேவை இருக்கிறது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் சினிமா பார்த்தவர்கள் உண்டு. ராத்திரியெல்லாம் முழித்து ஒரு பொம்மையை நடக்க வைத்தவர்களும் உண்டு. இப்போது அதற்குக் கணினிகூட வேண்டாம். விரலும் போனும் போதும். செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் ஊர்ப் பெருமை

கருத்துச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், கடலூர்க்காரன் என்று சொல்லுங்கள், போதும். 1906 ஏப்ரல் 25இல் புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். 1934 ஏப்ரல் 24இல் ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். முகத்துக்கு நேரே பேசுவதில் இவர்களை மிஞ்சத் தமிழில் ஆள் குறைவு. இரண்டு பேட்டைக்கும் நடுவே ஆட்டோ ஏறினால் உட்கார்ந்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊர் வெயில் ஏன் அப்படிக் காய்கிறது என்பதற்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இன்னும் பழைய சான்றும் உண்டு. 1867இல் வடலூர் வள்ளலாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்று அச்சில் வந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு அந்தப் பெயர் பொறுக்கவில்லை. தேவார திருவாசகத்துக்கு உரிய பெயரை, கண்ணெதிரே நடமாடும் ஒருவர் பாட்டுக்கு எப்படி வைக்கலாம் என்பது அவர் கட்சி. அருட்பா இல்லை, மருட்பா என்றது எதிரணி. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்தது. வள்ளலார் உள்ளே நுழைந்ததும் மன்றமே எழுந்தது, எதிர்க்கட்சியான நாவலரும் எழுந்துவிட்டார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். வழக்கு முடிந்தது, கருத்து முடியவில்லை. கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று நூல் மேல் நூலாக அச்சேறியது. வள்ளலார் சித்தியானது 1874இல், நாவலர் மறைந்தது 1879இல். அவர்கள் இல்லாத குறை தெரியாமல் அடுத்த நூற்றாண்டிலும் சண்டை நடந்தது. அந்தக் கண்டனங்களை ப. சரவணன் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார். படுத்துக்கொண்டு படிக்கக் கூடாத புத்தகம். தூக்கம் வந்து நழுவினால் மூக்கு போய்விடும்.

இத்தனையும் தொடங்கியது பாட்டுக்கு வைத்த பெயரில். இதிலிருந்து கருத்தாளர் கற்க வேண்டியது: விளையாட்டைத் திறக்கவே தேவையில்லை, தலைப்பு போதும். அக்கா மகன் தன் விளையாட்டுக்கு ‘காக்கா ரிட்டர்ன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தான். “ஏன் தம்பி, தமிழ்ல பேரே கெடைக்கலையா?” என்று தொடங்கிய ஒரு உறவினர் மறுநாள் காலைவரை அதிலேயே நின்றார். அவர் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

சிதம்பரத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் சங்கடப்படலாம். அவர்கள் ஊர் மரபு வேறு. சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் முடிந்ததாக மரபு. ஒரு வருடம் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். கேட்டு முடித்த பிறகு சோழன் அவரை யானைமேல் ஏற்றி, தானும் பின்னால் ஏறிக் கவரி வீசினானாம். இன்றைக்கு எட்டு நொடி பார்த்துவிட்டு நகர்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், யானை எந்த நொடியில் வருகிறது என்று கேட்பார்கள்.

கருத்தாளராவது எப்படி: நான்கு பாடத்திட்டம்

இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களை நான்கு பொருளுக்கு ஒப்பிட்டு வைத்திருக்கிறார். அவர் விலக்கச் சொன்னது. நாம் பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது கழற்குடம். கழற்சிக்காயை ஒவ்வொன்றாகக் குடத்தில் போடலாம். கவிழ்த்தால் எது முன்னே எது பின்னே என்றில்லாமல் உருண்டோடும். இந்த வகை கருத்தாளருக்கு எழுத்து உதவாது, வாய்ஸ் மெசேஜ்தான் சரி. பதினோரு நிமிடம் இருக்க வேண்டும். பாட்டில் தொடங்குங்கள். எழுத்தின் நிறத்துக்குப் போங்கள். நடுவில் நீங்கள் கம்ப்யூட்டர் கிளாஸ் போன காலம், அதில் நின்றுபோன படிப்பு, அதற்குக் காரணமான மாமனார். திரும்பி வந்து காக்கா ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேளுங்கள். கடைசியில் “மத்தபடி நல்லா இருக்கு” என்று முடியுங்கள். எந்த மற்றபடி என்று பையன் தேடிக்கொள்ளட்டும்.

இரண்டாவது மடற்பனை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால் உண்டு. பெங்களூரில் ஏதோ ஸ்டூடியோவில் வேலைக்குப் போய்விட்ட காலேஜ் சீனியர் இந்த இனம். ஆறு மாதத்துக்கு ஒரு சொல் உதிர்ப்பார். “லைட்டிங்.” அவ்வளவுதான். லைட்டிங் நன்றாக இருக்கிறதா, இல்லையா, இனிமேல்தான் வர வேண்டுமா? கேட்கக் கூடாது. அந்தச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு பையன் மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பான்.

மூன்றாவது பருத்திக்குண்டிகை. குறுகிய வாய்க் கலயத்தில் அடைத்த பஞ்சு. பிய்த்துப் பிய்த்துத்தான் வரும். திங்கட்கிழமை “ஜம்ப் சரியில்ல.” அதைச் சரி செய்து அனுப்பினால் செவ்வாய்க்கிழமை “இப்ப ஜம்ப் ஓகே, ஸ்பீடு அதிகம்.” புதன்கிழமை “ஸ்பீடு ஓகே, முன்னாடி இருந்த ஜம்ப்பே தேவல.” இவரிடம் முழுக்கருத்து உள்ளே இருக்கிறது. ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் இவரைத் தேடி வருவார்கள்?

நான்காவது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றியவன் ஒருவன். வளைந்து போய்க் காயை உதிர்ப்பது அடுத்த வீட்டுக் கொல்லையில். நம் சமூகத்தில் இதற்குத்தான் மவுசு. பையன் நேரில் கேட்டால் “பிரமாதம்டா” என்று முதுகில் தட்டுங்கள். பிறகு டீக்கடையில் அவன் அப்பாவைப் பிடித்து, “மாப்ள, பையன் கேமுல கதையே இல்லியே, கவனிச்சியா? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கச் சொல்லலாம்ல?” என்று கேளுங்கள். 2021 நவம்பரில் யூடியூப் ‘பிடிக்கவில்லை’ எண்ணிக்கையை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. அதைப் பெரிய செய்தியாகப் பேசினார்கள். எங்கள் உறவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நன்னூலில் இல்லாத ஐந்தாவது ஒன்று நான் சேர்ப்பது. செய்தது பெண்ணாக இருந்தால் மட்டும் இது வரும்: “நல்லாருக்கே, அண்ணன் செஞ்சு குடுத்தானா?” இதற்கு உவமை தேட நான் கொல்லைப் பக்கம் போகவில்லை.

அசைகிற படத்தைப் பற்றிப் பேசுவது

அனிமேஷன் பார்த்துவிட்டுச் சொல்வதற்கு மிகப் பாதுகாப்பான வாசகம் “இன்னும் கொஞ்சம் ஸ்மூத்தா இருந்தா நல்லாருக்கும்.” யாருக்கும் மனம் நோகாது, பார்க்காமலேயும் சொல்லலாம். இதன் விலை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். கையால் வரைகிறவர்கள் ஒரே படத்தை இரண்டு தடவை காட்டி நொடிக்கு 12 படத்தில் ஒப்பேற்றுவார்கள். முப்பது நொடிக்கு 360 படம். அதை ‘ஸ்மூத்’ ஆக்குவதென்றால் 720. அதாவது நீங்கள் சொன்ன ‘இன்னும் கொஞ்சம் ஸ்மூத்தா’ என்ற மூன்று சொல்லுக்கு 360 படம், சொல்லுக்கு 120. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் அறுபது மணி நேரம். நீங்கள் பல் துலக்கிக்கொண்டே சொன்னது.

சரி, வேறென்ன சொல்வது? ஒருநாள் சிதம்பரத்தில் கோபுர வாசலுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லும் 108 கரணங்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. சிற்பிக்கு ஒரு கரணத்துக்கு ஒரே படம்தான் கொடுப்பினை. அதனாலேயே கரணம் என்றால் ‘போஸ்’ என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய பத்மா சுப்ரமணியம், இவை நிற்கிற நிலை இல்லை, அசைவு என்று ஆடியே காட்டினார். கல்லில் இருப்பது நடுவில் பிடித்த ஒரு கணம். அதற்கு முன்னால் கால் எங்கிருந்து வந்தது, அப்புறம் எங்கே போகும் என்பதை ஆடுகிறவர் உடம்பு நிரப்ப வேண்டும். அனிமேஷன்காரர்கள் அந்தக் கணத்தைக் கீஃப்ரேம் என்பார்கள். நிரப்புவதை இன்பிட்வீன் என்பார்கள். டிஸ்னியின் பழைய கைகளான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் தொழிலின் பன்னிரண்டு விதிகளைப் புத்தகத்தில் எழுதி வெளியிட்டது 1981இல். சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியதும் அதே 1981இல். யாரும் யாரையும் கலந்து பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பிள்ளைகளின் படங்களில் கெடுவது பெரும்பாலும் அந்த நடுவழியில்தான். கை கீழே இருக்கும் படம் சரியாக இருக்கும். மேலே போய்விட்ட படமும் சரி. போகிற வழியில் விலா எலும்புக்குள் புகுந்து வெளியே வரும். ஆகவே, கையேட்டின் பொது நோக்கத்துக்கு விரோதமாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த நொடியில் உங்கள் கண் உறுத்தியது என்று சொல்லுங்கள். “நாலாவது நொடியில கை மேல போகுது, தோள் அசையவே இல்ல.” அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். தோளை என்ன செய்வது என்பது அவன் பாடு. இப்படிச் சொல்கிறவர்களை யாரும் பாராட்டுவதில்லை. குழுவில் இவர்களுக்குக் கட்டைவிரல் விழாது. என் அனுபவம் அது.

விளையாட்டைச் சோதிப்பது

விளையாட்டைச் செய்தவர் கூடவே நிற்க வேண்டும் என்பது முதல் விதி. தோளுக்குப் பின்னால் நின்று, மூச்சு கழுத்தில் படும்படி, “அங்க இல்ல மாமா, இடது கீழ… ஐயோ, இப்ப இல்ல, அது வந்த அப்புறம்” என்று நடத்திக் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் எந்த விளையாட்டிலும் குறையே தெரியாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு அப்படித்தான் நடந்தது. அக்கா மகன் ஜன்னலோரம், நான் நடுவில், என் கையில் ‘காக்கா ரிட்டர்ன்ஸ்’. வெள்ளிக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் சுண்டலைக் காக்கா தட்டிக்கொண்டு போக வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை இவன் பேச்சை நிறுத்தவில்லை. நான் நன்றாகத்தான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் என் விரலை வைத்துக்கொண்டு விளையாடியது அவன். புதுச்சத்திரத்தில் ஒரு அம்மா ஏறினார். கூட எட்டு வயதுப் பையன். போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்தேன்.

அந்நியப் பிள்ளையிடம் அக்கா மகனால் வாய் திறக்க முடியவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. பையன் முதல் வேலையாகக் காக்காவைப் படகின் மேல் மோதினான். காக்கா படகுக்குள் புகுந்து மறுபுறம் வந்தது. சிரித்தான். சுண்டலை மறந்துவிட்டு, படகுக்குள் போவதையே விளையாட்டாக வைத்துக்கொண்டான். பிறகு, தாவுவதற்கு வழியே இல்லாத ஒரு இடத்தில் நின்று தாவல் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினான். பதினொரு தடவை, நான் எண்ணினேன். அக்கா மகன் முகத்தில் ரத்தம் இல்லை. பி.முட்லூரில் அந்த அம்மா எழுந்தபோது பையன் போனைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒன்று கேட்டான்:

“ஏண்ணா, இந்தக் காக்காவுக்குக் கத்தத் தெரியாதா?”

முழு விளையாட்டிலும் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காக்கா ஒருமுறைகூடக் கா என்று சொல்லவில்லை. பதினான்கு பாராட்டில் ஒருவருக்கும், எனக்கும், செய்தவனுக்கும்கூட அது காதில் விழவில்லை.

பெரியவர்களாகிய நாம் சொல்வதென்றால் கொஞ்சம் கனமாகச் சொல்ல வேண்டும். மறுபடி பவணந்தியிடமே போகலாம். நூலுக்கு வரும் பத்துக் குற்றம் என்று அவர் சொன்னது அப்படியே கேமுக்கும் பொருந்துகிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லாமல் விட்டால் குன்றக்கூறல். முதல் ஐந்து நிமிடம் திரை முழுக்க விளக்கம் எழுதினால் மிகைபடக்கூறல். ஒரே எதிரியை நிறம் மாற்றி ஏழு லெவலில் அனுப்பினால் கூறியது கூறல். மூன்றாம் லெவலில் உயிர் கொடுத்த பழம் நாலாம் லெவலில் உயிரை எடுத்தால் மாறுகொளக்கூறல். சுண்டல் திருடப் போன காக்கா நடுவில் கார் ஓட்டத் தொடங்கினால் மற்றொன்று விரித்தல். எனக்கு மிகவும் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல்: முதல் லெவலில் அலை, நுரை, சங்கு, குடை, குதிரைச் சவாரி, இரண்டாவதில் அலை மட்டும், நாலாவதில் வெறும் நீலம். செமஸ்டர் பரீட்சை எந்த லெவலில் குறுக்கிட்டது என்று பார்த்தே சொல்லிவிடலாம். கடைசிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருப்பதை நான் குற்றத்தில் சேர்க்கவில்லை. சிதம்பரத்துப் பையன் செய்தது, ரகசியமாக இருக்கலாம்.

ஒரு விளையாட்டு நன்றாக இருக்கக் கோட்டையும் டிராகனும் வேண்டும் என்று பையன்களிடம் சொல்லி வைத்தது யார் என்று தெரியவில்லை. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு 2023இல் ‘வெண்பா’ என்று ஒன்று வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, அம்மா, பிள்ளை. முதல் புதிரே இட்லி. தட்டுகளை அடுக்கும்போது எந்த ஓட்டை எந்தக் குழிக்கு மேல் வர வேண்டும் என்பதுதான் கேள்வி. மறு வருடம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இதை என் அக்காவிடம் சொன்னேன். “ஓட்டையெல்லாம் இருக்கட்டும், துணி போட்டாங்களா?” என்றாள். துல்லியமான கருத்து. செய்தவர்களுக்குப் போய்ச் சேரத்தான் வழியில்லை.

வாங்கிக்கொள்ளும் பக்கம்

கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதில் உலகம் முழுக்க ஒரே சட்டம். 2002இல் தொடங்கிய லூடம் டேர் என்ற போட்டியில் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தனியாளாக ஒரு விளையாட்டைச் செய்து வைக்க வேண்டும். நடுவர் கிடையாது, செய்தவர்களே ஒருவர் மற்றவருடையதை விளையாடி மதிப்பெண் போட வேண்டும். அடுத்தவருடையதைத் தொடாமல் இருந்தால் உங்களுடையதும் கண்ணில் படாமல் அடியில் போய்விடும். இதை ஒரு வெள்ளைக்காரர் புது ஏற்பாடு என்று எனக்கு விளக்கினால், மொய் நோட்டை எடுத்துக் காட்டுவேன்.

மொய் வைக்காத ஊரும் உண்டு. நியூகிரவுண்ட்ஸ் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அனிமேஷனையோ விளையாட்டையோ போடலாம். வந்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். தொடக்க ஓட்டிலேயே படு மோசம் என்றால் அது அழிக்கப்படும். அதற்குப் ‘ப்ளாம்’ என்று பெயர். எங்கள் குடும்பக் குழுவில் அப்படி ஒரு பொத்தான் இருந்தால், முதலில் போவது காலை வணக்கப் படங்கள்தான்.

வாங்கிக்கொள்கிறவர்களையும் நன்னூல் விடவில்லை. மாணவர்களில் எட்டு வகை. அன்னம், பசு என்று நல்லவர்கள் இரண்டு. அவர்களுக்குக் கையேடு தேவையில்லை. மண்ணும் கிளியும் நடுத்தரம். கிளி வகைப் பையனிடம் “பாட்டு சத்தம் கூட” என்றால் பாட்டைக் குறைப்பான். அதையே அடுத்தவன் கேமுக்குப் போய், பாட்டே இல்லாத கேமுக்கும், “பாட்டு சத்தம் கூட” என்று எழுதுவான். மீதி நாலு கடைசி பெஞ்சு. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை சொன்னாலும் அடுத்த பதிப்பில் அதே படகு, அதே ஓட்டை. ஆடு ஒரு செடியில் நிற்காது: ஒருவர் கதை இல்லை என்றால் கதை, இன்னொருவர் துப்பாக்கி இல்லை என்றால் துப்பாக்கி, வாரக் கடைசியில் காக்காவின் இறக்கையில் ஏ.கே. 47. எருமை குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். குறை சொன்னவரிடமே, “நீங்க என்ன கேம் பண்ணிருக்கீங்க? லிங்க் குடுங்க” என்று தொடங்கும்.

எட்டாவதுதான் எனக்கு உறைத்தது: நெய்யரி. அந்தக் காலத்தில் நெய் வடிகட்டப் பயன்பட்ட பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்றைக்குத் தெருவில் ஒருவரையொருவர் பன்னாடை என்று திட்டிக்கொள்கிறவர்கள் கல்வித்துறைக் கலைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாற்பது பேர் ஏதோ நல்லதாகச் சொல்லியிருப்பார்கள். யாரென்றே தெரியாத ஒருவன் ‘குப்பை’ என்று எழுதியிருப்பான். ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் எந்த ஒன்றை எடுத்து எடுத்துப் பார்க்கிறான் என்று கேட்டால், அவன் ஏன் சாப்பிட வரவில்லை என்பது அக்காவுக்குப் புரியும். கசடு மட்டும்தான் ஆளைத் தின்னும் என்றும் இல்லை. வியட்நாம்காரர் டோங் நுயென் செய்த ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்ற விளையாட்டு 2013இல் வந்தது; 2014 தொடக்கத்தில் உலகமே கிறங்கிக் கிடந்தபோது, போதும் சாமி என்று பிப்ரவரியில் அவரே அதை எடுத்துவிட்டார். அதுவும் ஒரு பறவைதான்.

தழுவலைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கிராட்ச் என்று எம்.ஐ.டி.யிலிருந்து 2007இல் வந்த, பிள்ளைகள் கேம் செய்யும் தளத்தில், அடுத்தவர் செய்ததை அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ள ‘ரீமிக்ஸ்’ என்று பொத்தானே உண்டு. மூலம் செய்தவர் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். மூலத்தைச் சொல்லாத தழுவல்களைப் புதுமைப்பித்தன் எப்படிக் காய்ச்சினார் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தப் பொத்தான் திருப்பாதிரிப்புலியூரில் பிறக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கும்.

நான் இவ்வளவும் சொன்ன பிறகு அக்கா மகன் சும்மா இருப்பானா? “மாமா, நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்களேன்” என்றான். செய்தேன். போனில் விரலால் வரைந்தேன். பந்து ஒன்று மேலிருந்து விழுந்து, தரையில் பட்டு, எழும்ப வேண்டும். இரண்டு நொடி, 24 படம். மூன்று ராத்திரி ஆனது. பந்து தரையில் படும்போது கொஞ்சம் சப்பையாக வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு விதியில் இருக்கிறது, சப்பையாக்கினேன். கெடிலத்துப் பாலத்தில் நின்று ஆறு பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடும்பக் குழுவில் போட்டேன்.

பெரியப்பா கட்டைவிரல். நெய்வேலிச் சித்தி கைத்தட்டல். அத்தை, ரோஜாப்பூ. முதல் தடவையாக அந்த ரோஜாவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அரைமணி கழித்து அக்கா மகனிடமிருந்து தனியாக ஒரு வரி:

“மாமா, 14வது படத்துல பந்து தரைக்குள்ள போகுது.”

போய் எண்ணிப் பார்த்தேன். தரைக்குள் போவது 15வது படத்தில். பதினான்கு இல்லவே இல்லை. இதை இப்படியே விட்டால் சரிவராது என்று மறுப்பு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் முன்னுரை முடியவில்லை.